வெள்ளை தெரியும் வரை

செம்பூர் பங்களாவின் கேட்டைத் திறந்ததும் இனாயத்துல்லா திராட்சைக் கொடியைத்தான் பார்த்தான். அது சாகத் தொடங்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

பாகிஸ்தானோடு யுத்தம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இருட்டடிப்புக்காக ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புத்தாளை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. கார் ஓட்டும் செல்லப்பாண்டி முந்தின நாள் தாராவிக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அய்யா கூப்பிடுகிறார். கொடிக்கு ஏதோ சீக்கு. பூனாவிலிருந்து வந்த ஆள்கூடப் பார்த்துவிட்டு, பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டான்.

'ரெண்டு வருசமா ஒங்க அய்யாவுக்கு என் மொகம் ஞாபகம் இல்லியோ' என்று இனாயத்துல்லா கேட்டான்.

'மொகத்தை எங்க கேட்டாரு? கையத்தான் கேட்டாரு' என்றான் செல்லப்பாண்டி.

அந்தக் கைதான் பன்னிரண்டு வருஷம் அந்தக் கொடியை வளர்த்தது. நாசிக்கிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி வந்த ஒரு முழக் குச்சி. பம்பாய்க் காற்றில் திராட்சை வராது என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது. ஏப்ரலில் ஒரு வெட்டு, அக்டோபரில் ஒரு வெட்டு. அக்டோபர் வெட்டுக்குத்தான் காய்க்கும். எந்தக் கண்ணுக்கு மேல் வெட்டுவது, எத்தனை கண் விடுவது என்பதெல்லாம் இனாயத்துல்லாவின் விரலுக்குத் தெரியும். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களில் பழகிய விரல். பழக் கண்காட்சியில் மூன்று தடவை கோப்பை கிடைத்தது. கோப்பையில் வேங்கடசுப்ரமணியன் என்று வெட்டியிருந்தது. அது சரிதான் என்றே அப்போது அவன் நினைத்தான். இடம் அவருடையது, கொடி அவருடையது.

வேங்கடசுப்ரமணியன் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய அதிகாரி. மாட்டுங்காவில் வளர்ந்து செம்பூரில் பங்களா எடுத்தவர். பிள்ளை இல்லை. கொடியின்மேல் அவருக்கு இருந்த பிரியம் வேடிக்கையானது. வெட்டு நாளில் வெளியே நிற்கமாட்டார். குழந்தைக்கு ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தகப்பன்மார் உண்டு; அவர் அந்த ரகம். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டால்தான் வருவார். வரும்போது வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த நீலப் பசை பூசியிருக்க வேண்டும். நீலத்தைப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

பழத்தில் பாதி கண்காட்சிக்குப் போனது. மீதி ஜாடிகளுக்குள் போனது. ஊருக்கெல்லாம் மதுவிலக்கு. பர்மிட் வாங்கலாம்; ஆனால் சர்க்கார் ஏட்டில் பெயர் ஏறும். வேங்கடசுப்ரமணியன் அதை விரும்பவில்லை. ஊறுகாய் ஜாடிகள் ஆறு வாங்கி, தோட்டத்து மூலையில் இனாயத்துல்லா படுக்கும் ஷெட்டில் வைத்தார். சனிக்கிழமைகளில் கம்பெனி நண்பர்கள் வந்தார்கள். இனாயத்துல்லா அந்த ஜாடிகளைத் தொட்டதில்லை. தொழுகைப் பாயை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை. அது அவன் செய்த தப்பு. அதை அவன் ஒருபோதும் மறுத்ததில்லை.

அறுபத்துமூன்று ஏப்ரலில் போலீஸ் வந்தது. ஜாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்கள். யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

'மாலி கா ஹை' என்றார் வேங்கடசுப்ரமணியன்.

இந்தியில் மூன்றே வார்த்தை, தோட்டக்காரனுடையது என்று. சொல்லும்போது அவர் இனாயத்துல்லாவைப் பார்க்கவில்லை. பத்தடி தூரத்தில் அவன் நின்றிருந்தான். திரும்பிப் பார்ப்பார், பார்த்துவிட்டுச் சொன்னதை மாற்றுவார் என்று வண்டியில் ஏறும்வரை காத்திருந்தான். அவர் பந்தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கடுங்காவல். ஜெயிலில் கயிறு திரித்தான். திரித்த கயிறு ஒவ்வொன்றுக்கும் அவன் மனதில் ஒரு உபயோகம் இருந்தது.

வெளியே வந்தபோது தாராவியில் எல்லாமே முடிந்திருந்தது. திருடிவிட்டு உள்ளே போனவனை ஜமாத்து ஏற்றுக்கொள்ளும். அடிதடிக்குப் போனவனைத் தோளில் தட்டும். சாராயம் காய்ச்சிப் போன முசல்மானுக்குப் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் இடம் இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. மகள் ஆபிதாவுக்கும், தோல் பை பட்டறை வைத்திருந்த ஷாகுல் ஹமீதின் மகன் ஜஹாங்கீருக்கும் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். ஷாகுல் ஹமீது ஜமாத்துத் தலைவர். அதுவரை அவனை மச்சான் என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து இனாயத்து என்று கூப்பிட்டார். சீர்த்தட்டில் வந்த சேலை திரும்பிப் போனது. ஜஹாங்கீர் வேறு பெண் வேண்டாம் என்று இரண்டு வருஷம் பிடிவாதமாக இருந்தான். வாப்பா சம்மதம் இல்லாமலும் மாட்டேன் என்றான். பிடிவாதத்தில் ஒரு பாதிதான் ஆபிதாவுக்கு உதவியது.

இனாயத்துல்லா தோல் கிடங்கில் உப்புப் போடும் வேலைக்குப் போனான். விரல் வெடித்தது. உண்மையைச் சொல்லாமல் இல்லை. சொன்னான். ஜெயிலுக்குப் போனவன் எல்லாம் அதைத்தான் சொல்வான் என்றார்கள்.

இப்போது கொடி எதிரே நின்றது.

பந்தலில் கொடிக்கு இரண்டு கைகள் உண்டு. இடது கை முழுக்கக் காய்ந்து கிடந்தது. வலது கையில் துளிர் இருந்தது, குட்டையாக, கூனிக்குறுகி. இலைகள் கிண்ணம்போல மடிந்து ஓரம் கருகியிருந்தன. வேங்கடசுப்ரமணியன் படியிறங்கி வந்தார். மெலிந்திருந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நேற்றுத்தான் வேலை முடித்துப் போனவனிடம் பேசுவதுபோலப் பேசினார். உரம் வைத்தாராம், மீன் கழுவிய தண்ணீர்கூட ஊற்றச் சொன்னாராம், ஒன்றும் பலிக்கவில்லையாம்.

இனாயத்துல்லா ஏணி வைத்து ஏறினான். இடது கை பிரிகிற இடத்தில் பழைய வெட்டு ஒன்று இருந்தது. ரம்பத்தால் அறுத்த பெரிய வாய். விளிம்பு பிசிறாக இருந்தது. பசை பூசிய அடையாளம் துளியும் இல்லை. அதைச் சுற்றிப் பட்டை உள்வாங்கியிருந்தது.

'இத யாரு அறுத்தா சார்?'

'டெலிபோன்காரன் கம்பி இழுக்கணும்னான். ஒரு தற்காலிக மாலி இருந்தான், அவன் அறுத்தான். ஆடி மாசம், கொட்டற மழை. அறுபத்துமூணுல.' கொஞ்சம் நிறுத்தினார். 'அப்ப நீ இல்லையே.'

அவன் எங்கே இருந்தான் என்பது இருவருக்கும் தெரியும். ஏணியின் மேல் நின்றபடி இனாயத்துல்லா அந்த வெட்டுவாயைத் தடவினான். மழையில் வெட்டினால் காளான் விதை காற்றிலும் சாரலிலும் வந்து உட்காரும். மூடாத காயம் அதற்கு வாசல். உள்ளே இறங்கிவிட்டால் சத்தமே போடாது. ஒரு வருஷம் தெரியாது. இரண்டாம் வருஷம் நுனி காயும். அப்புறம் மேலிருந்து கீழே, கை கையாக, வேரை நோக்கி வரும். புளியங்குடியில் எலுமிச்சைக்கும் இது வரும். மருந்து கிடையாது. வெட்டினால் உள்மரத்தில் ஆப்பு அடித்ததுபோலக் கறுப்பு தெரியும். அது முடிந்து சுத்த வெள்ளை தெரிகிற இடம் வரைக்கும் அறுத்துத் தள்ள வேண்டும். நெல்லளவு கறுப்பை விட்டாலும் அறுத்தது வீண்.

இரண்டு வருஷமாக அவன் இந்தக் கொடியைக் கொல்வதற்கு வழி யோசித்திருந்தான். உப்பு, மண்ணெண்ணெய், கொதிநீர். ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த மூன்று வார்த்தையே கொன்றுகொண்டிருந்தது. தன் கையால் செய்யாதது ஒரு குறையாகத்தான் இருந்தது அவனுக்கு.

கீழே இறங்கினான். காப்பாற்ற முடியும் என்றான். வேங்கடசுப்ரமணியனின் கண் கலங்கியது. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

'காசு வேண்டாம் சார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் எங்க பள்ளிவாசலுக்கு வாங்க. ஜமாத்து முன்னால ஜாடி யாரோடதுன்னு சொல்லுங்க. அது போதும்.'

அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் ரிடையராகப் போகிறேன் என்றார். கம்பெனி காதுக்குப் போனால் பென்ஷன் போய்விடும் என்றார்.

'தாராவில பேசுத பேச்சு செம்பூர் வரைக்கும் வராது சார். வந்திருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டேன்.'

வேங்கடசுப்ரமணியன் கொடியைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். வருகிறேன் என்றார். அவர் ஜமாத்தில் வந்து சொன்ன மறுநாளே வெள்ளை தெரிகிறவரைக்கும் அறுத்து அடிக்கட்டையை மீட்டுத் தருவதாக இனாயத்துல்லா வாக்குக் கொடுத்தான். அவன் அதை மனதாரத்தான் சொன்னான். பஸ்ஸில் வரும்போது கையில் உப்பு வெடிப்பு எரிந்தது. கொடி பிழைத்தால் பிழைத்துவிட்டுப் போகட்டும், ஆபிதாவுக்கு நிக்காஹ் நடந்தால் சரி என்று நினைத்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு அப்படித் தோன்றியது.

வெள்ளிக்கிழமை கார் சந்துக்குள் நுழைய முடியாமல் ரோட்டிலேயே நின்றது. செல்லப்பாண்டி குடை பிடித்து அழைத்து வந்தான். மழை இல்லை, வெயிலுக்கு. ஜமாத்து ஆபீஸ் அறையில் நாற்காலி துடைத்துப் போட்டார்கள். சோடா வந்தது. இவ்வளவு பெரிய ஆபீசர் தங்கள் அறைக்கு வந்ததில் எல்லோருக்கும் முகம் மலர்ந்திருந்தது. ஷாகுல் ஹமீது கைகட்டி நின்றார். இனாயத்துல்லா வாசல் ஓரம் நின்றான். அன்று போலவே பத்தடி.

வேங்கடசுப்ரமணியன் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தார்.

'இனாயத்துல்லா எங்காத்துல பன்னெண்டு வருஷம் இருந்தான். தங்கமான மனுஷன். அன்னிக்கு நடந்தது நடந்துடுத்து. அதை நான் மனசுல வெச்சுக்கலை. நீங்களும் வெச்சுக்கப்படாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.'

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நல்ல முணுமுணுப்பு. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேங்கடசுப்ரமணியன் இந்தத் தடவை இனாயத்துல்லாவைத் திரும்பிப் பார்த்தார். சொன்னபடி வந்துவிட்டேன் பார் என்கிற பார்வை. லேசாகத் தலையை அசைத்தார்.

பேசலாம். இல்லை, ஜாடி இவருடையது என்று கத்தலாம். இரண்டு வருஷமாகச் சொல்லி யாரும் நம்பாத பேச்சை, மன்னிக்க வந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இனாயத்துல்லா வாசலை விட்டு விலகி வழி விட்டான். அவர் போனார்.

ஷாகுல் ஹமீது அவன் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

'பெரிய மனுசன்யா. வீடு தேடி வந்து மன்னிச்சிட்டுப் போறாரு. நீயும் அல்லாட்ட தவ்பா கேளு. ஜமாத்து ஒன்ன ஏத்துக்கும்.'

'செய்யாததுக்கு என்ன தவ்பா கேக்கச் சொல்லுதிய?'

ஷாகுல் ஹமீதின் கை தோளிலிருந்து இறங்கியது. 'இதான் ஒங்கிட்ட கெட்ட கொணம். அவரே வந்து சொல்லிட்டாரு, பெறவும் நீ ஒத்துக்க மாட்டேங்க.' குரலைத் தாழ்த்தினார். 'ஜஹாங்கீர் மனசு மாறிட்டான். கல்யாண் ஊர்ல பொண்ணு பாத்தாச்சு. நீ தப்பா எடுத்துக்காத.'

வீட்டில் ஆபிதா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று. இனாயத்துல்லா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னான். அவள் கவனமாகக் கேட்டாள்.

'அப்ப நீங்கதான் செஞ்சியன்னு முடிவாயிட்டு, வாப்பா' என்றாள். மிஷினை மறுபடி ஓட்டினாள்.

அவன் மனைவி சைனப் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அந்த வீட்டுக்கு இனிப் போக வேண்டாம் என்றாள். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான் இனாயத்துல்லா. கொடுத்த வாக்கை அந்த ஆள் காப்பாற்றினாரா என்று கேட்டாள். அவன் ரம்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாக அரம் போட்டான்.

சனிக்கிழமை போனான். வேங்கடசுப்ரமணியன் வாசலிலேயே நின்றிருந்தார். நன்றாகப் பேசினேனா என்று கேட்டார். உங்கள் ஆட்கள் ரொம்ப மரியாதை தெரிந்தவர்கள் என்றார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். தான் செய்ததில் குறை இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் இனாயத்துல்லாவுக்குள் எல்லாம் தெளிந்து அடங்கியது.

'நீங்க உள்ள போங்க சார். ஒங்களால பாக்க முடியாது.'

ரேடியோ சத்தம் வந்தது. யாரோ வாய்ப்பாட்டு.

முதலில் பசையைத் தயார் செய்தான். மயில்துத்தத்தை ஒரு மண்சட்டியிலும் சுண்ணாம்பை இன்னொன்றிலும் கரைத்து ஒன்றாக ஊற்றிக் கலக்கினான். கத்தியின் அலகை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தான். அலகில் செம்பு ஒட்டியது. இன்னும் சுண்ணாம்பு சேர்த்தான். மறுபடி விட்டு எடுத்தான். அலகு சுத்தமாக வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் இத்தனை பக்குவமாக அவன் பசை செய்ததில்லை.

இடது கையை அறுத்தான். அறுத்த முகத்தில் பாதி வட்டம் கறுப்பு. வலது கையையும் அறுத்தான். தண்டில் நெஞ்சு உயரத்தில் அறுத்தான். கறுப்பு ஆப்பு சிறுத்திருந்தது. இடுப்பு உயரத்தில் அறுத்தான். விரல் அகலத்துக்கு வந்திருந்தது. பிறகு உளியை எடுத்து, முழங்காலுக்குக் கீழே பட்டையைப் பிளந்து ஆழமாகக் கொத்திப் பார்த்தான். உள்மரம் வெள்ளை. தேங்காய்ப் பத்தைபோல ஈரமாக, சுத்தமாக இருந்தது. காளான் அங்கே வரவில்லை. அந்த இடத்தில் அறுத்தால் கொடி பிழைக்கும். மூன்று வருஷத்தில் பழையபடி பந்தல் ஏறும். கோப்பைகூடக் கிடைக்கலாம்.

ரம்பத்தை அந்த இடத்தில் வைத்தான். பல் பட்டையில் பதிந்தது.

எடுத்தான். ஒரு சாண் மேலே வைத்தான். அறுத்தான்.

அடிக்கட்டையின் முகத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு இருந்தது. ஓரமாக, சின்னதாக. இனாயத்துல்லா குந்தி உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துணியைப் பசையில் தோய்த்து அதன்மேல் பூசினான். முதல் பூச்சு காய்ந்ததும் இரண்டாவது பூச்சு. உளி கொத்திய இடத்தையும் மூடினான். நீலம் பளிச்சென்று இருந்தது.

அறுத்த கட்டைகளை அன்றைக்கே எரித்துவிட வேண்டும். போட்டு வைத்தால் அடுத்த மழையில் அவற்றின் பட்டையிலிருந்து விதை கிளம்பி அக்கம்பக்கத்து மரங்களின் காயங்களைத் தேடும். புளியங்குடியில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இனாயத்துல்லா கட்டைகளை ஒரே அளவாக நறுக்கினான். மதில் ஓரத்தில் கொய்யாவுக்கும் ஒட்டு மாவுக்கும் நடுவில் அழகாக அடுக்கினான். அரிவாளை எடுத்து அந்த இரண்டு மரங்களிலும் தாழ்ந்த கொப்புகளைக் கழித்துவிட்டான். அந்த வெட்டுகளுக்குப் பசை பூசவில்லை.

கூப்பிட்டான். ரேடியோ நின்றது. வேங்கடசுப்ரமணியன் வந்து அடிக்கட்டையைப் பார்த்து ஒரு கணம் நெஞ்சில் கை வைத்தார். பிறகு நீலத்தைப் பார்த்தார். மூச்சு வந்தது. விரலால் தொட்டார். விரலில் நீலம் ஒட்டியது.

'வெள்ளை தெரிஞ்சுதா?'

'தெரிஞ்சது சார்.'

'துளிர்க்குமோன்னோ?'

'துளிர்க்கும் சார்.'

இரண்டும் பொய்யில்லை. வெள்ளை தெரிந்த இடம் அவனுக்கு மட்டும் தெரியும். துளிரும் வரும். அடுக்கின கட்டைகளைப் பார்த்து, எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறாய் என்றார் வேங்கடசுப்ரமணியன். குழாயடியில் அவன் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். பழையதை எல்லாம் மறந்துவிட வேண்டும் என்றார். வேலைக்குத் திரும்பி வரலாமே என்றார்.

'நடந்தது நடந்துட்டு சார்' என்றான் இனாயத்துல்லா. 'நான் மனசுல வச்சுக்கல.'

டிசம்பரில் ஜஹாங்கீருக்குக் கல்யாணில் நிக்காஹ் நடந்தது. ஜமாத்தில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. இனாயத்துல்லா வீட்டுக்கும் வந்தது. ஆபிதா அன்றைக்கு நாலு ஜாக்கெட் கூடுதலாகத் தைத்தாள்.

ஜனவரியில் செல்லப்பாண்டி வந்தான். கொடி துளிர்த்துவிட்டதாம். அய்யா ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். இனாயத்துல்லாவுக்கும் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார்.

இனாயத்துல்லா பெட்டியை வாங்கவில்லை. வாசல்படியில் உட்காரச் சொல்லி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். இலை எவ்வளவு பெரிசு இருக்கிறது என்று கேட்டான். செல்லப்பாண்டி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினான். ரூபாய்க்காசு அளவு.

உள்ளங்கை அளவு இருக்க வேண்டும்.

'ஓரம் மடிஞ்சிருக்கா?'

'ஆமா, கிண்ணம் கணக்கா இருக்கு. ஏன், அது நல்லதா கெட்டதா?'

'நல்லது' என்றான் இனாயத்துல்லா.

அய்யா ஏப்ரல் வெட்டுக்கு வரச் சொன்னார் என்றான் செல்லப்பாண்டி. வருவதாகச் சொல்லச் சொன்னான் இனாயத்துல்லா. ஏப்ரலுக்கு மட்டுமல்ல, கூப்பிடுகிறவரைக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் வருவதாகச் சொல்லச் சொன்னான்.